சீலைப்பேனும் பெயர்ப்பட்டியலும்: காரெல் ராஷ்காவின் 1945 மே

செக் நாட்டில் நாசிகள் நடத்திய தெரேசின் முகாமைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பலர், கடைசி மாதங்களில் அங்கே ஆட்கள் 'நெருப்புக்காய்ச்சலால்' இறந்தார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் நெருப்புக்காய்ச்சல் என்றால் டைபொயிட்தான். கெட்ட தண்ணீர், கழுவாத கை, குடலில் புண். தெரேசினைச் சூறையாடியது அதுவல்ல, டைபஸ். தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பேன் காவும் நோய் அது. 1945 மேயில் அதை அடக்க அங்கே போன செக் வைத்தியர் காரெல் ராஷ்காவின் கதை இது.

இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. ஜேர்மன் மொழியில் 'டூஃபுஸ்' என்றால் டைபொயிட். டைபஸுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃப்ளெக்ஃபீபர்', அதாவது புள்ளிக்காய்ச்சல். செக் மொழியில் இரண்டுமே 'டிஃபுஸ்'தான். முன்னால் 'புள்ளியுள்ள' என்றோ 'வயிற்று' என்றோ ஒரு சொல் சேரும். மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் விழுந்தால் நோயே மாறிப்போகும். நம் பக்கத்தில் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: யாழ்ப்பாணத்தில் 'உண்ணிக்காய்ச்சல்' என்று சொல்லப்படுவது. அதுவும் டைபஸ் குடும்பத்துப் பெயரோடுதான் புத்தகங்களில் வரும். ஆனால் கிருமி வேறு, காவி வேறு. பற்றைக்காட்டுச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வருவது அது. இரண்டாம் உலகப் போரில் இலங்கைக் காடுகளில் பயிற்சி எடுத்த படையினரைப் படுக்கவைத்ததும் அதுதான். ஆளிலிருந்து ஆளுக்குப் பரவாது. தெரேசின் டைபஸோ ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்கு நடந்தே போகும்.

நடப்பது சீலைப்பேன். தலைப்பேனுக்குத் தலைமயிர் வீடு. சீலைப்பேனுக்கு உடுப்பு வீடு. அது தோலுக்கு வருவது இரத்தம் குடிக்க மட்டும், ஒரு நாளைக்குச் சில தடவை. மற்ற நேரமெல்லாம் தையலுக்குள் இருக்கும். பல கிழமை கழற்றாத ஒரு கம்பளிக் கோட்டின் அக்குள் தையலை விரித்துப் பார்த்தால், நூல் ஓடுகிற வரி முழுவதும் வெள்ளை மணிபோல ஈர் ஒட்டியிருக்கும். இடைவார் இறுக்கும் இடம், கழுத்துப்பட்டியின் மடிப்பு, உள்காற்சட்டையின் கவட்டுத் தையல் ஆகியன அதன் மற்றக் குடியிருப்புகள். ஒரு பெட்டை ஒரு நாளில் எட்டுப் பத்து ஈர் இடும். உடம்புச் சூட்டில் ஒரு கிழமைக்குள்ளோ சற்றுக் கூடவோ பொரிக்கும். 'சீலைப்பேன்' என்ற சொல் நம்மிடம் தயாராக இருக்கும்போது 'உடல் பேன்' என்று எழுதுவது ஏன் என்று விளங்கவில்லை. அந்தப் பழைய சொல்லே நோயின் பாதையைச் சொல்லிவிடுகிறது: சீலையை மாற்றினால் பேன் இல்லை, பேன் இல்லாவிட்டால் டைபஸ் இல்லை.

கிருமியின் பெயரில் ஒரு செக் மண் ஒட்டியிருக்கிறது. ரிக்கெட்சியா புரொவாசெக்கி. பொஹீமியாவின் இந்த்ரிஷூவ் ஹ்ராடெட்ஸ் ஊரில் பிறந்த ஸ்தனிஸ்லாவ் புரொவாசெக், 1915 பெப்ரவரியில், கொட்புஸ் சிறைமுகாமில் டைபஸை ஆராயும்போதே டைபஸால் இறந்தார். பெயரின் முதற்பாதிக்குரிய ஹவார்ட் ரிக்கெட்ஸ் அதற்கு ஐந்து வருடம் முன்னர் மெக்சிகோவில் அதே வழியில் போனவர். நோயைக் கண்டறியும் வைல்–பெலிக்ஸ் பரிசோதனையின் எட்மண்ட் வைல், பிராக் நகர ஜேர்மன் பல்கலைக்கழகத்துக்காரர். ஆகவே 1945 இல் பிராக்கிலிருந்து தெரேசினுக்குப் புறப்பட்ட வைத்தியர்களுக்கு இது புதிய நோயல்ல. எத்தனை பேரை அது தின்றது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

காரெல் ராஷ்கா 1909 நவம்பர் 17 இல், தென்மேற்கு பொஹீமியாவின் ஸ்ட்ராஷீன் என்ற சிற்றூரில் பிறந்தவர். பிராக் சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம். அதன் பிறகு அரச சுகாதார நிறுவனத்தில் நுண்ணுயிரியலும் தொற்றுநோயியலும்.

அவருக்குச் சரியாக முப்பது வயதான அன்று, 1939 நவம்பர் 17, நாசிகள் செக் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தையும் மூடினார்கள். மாணவர் தலைவர்கள் உட்பட ஒன்பது பேரை விசாரணையின்றிச் சுட்டார்கள். ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட மாணவரை சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமுக்கு ஏற்றினார்கள். அதற்கு ஏறத்தாழ மூன்று கிழமை முன்னர், ஒக்டோபர் 28 ஆர்ப்பாட்டத்தில் சுடப்பட்டு நவம்பர் 11 இல் இறந்த யான் ஒப்லெட்டல் ஒரு மருத்துவ மாணவர். அவரது இறுதி ஊர்வலம் தான் இந்த மூடலுக்குச் சாக்கு. விளைவைக் கணக்காகப் பாருங்கள்: போர் முடியும்வரை, ஐந்தரை வருடம், செக் மருத்துவபீடத்திலிருந்து ஒரு புதிய வைத்தியர்கூட வெளிவரவில்லை. 1945 மேயில் தெரேசினில் நோயாளிக்குத் தண்ணீர் பருக்கியவர்களில் சிலர், படிப்பு நடுவில் அறுந்த அந்த மாணவர்கள்தான். பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரை டைபஸ் கட்டிலில் அடையாளம் கண்டு பெயர் கேட்டவரும் அப்படியொரு மாணவரே. கவிஞர் யூன் 8 இல் இறந்தார்.

செக் வைத்தியர்களின் எதிர்ப்புப் போராட்டம் என்றால் பெரும்பாலும் வேறு கதைகள்தான் வரும். செக் நாட்டை ஆண்ட நாசி அதிகாரி ஹைட்ரிக் மீது 1942 மே 27 இல் குண்டெறிந்த யான் குபிஷின் காயத்துக்கு மருந்து கட்டிய பிரெட்டிஸ்லாவ் லிச்கா, நாசி இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ வாசலுக்கு வந்தபோது தன்னையே சுட்டுக்கொண்டார். திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் ஜப்பானியக் குண்டு விழுந்த ஏப்ரல் 9 கழிந்து ஏழு கிழமையில் நடந்தது அந்தத் தாக்குதல். பிரான்டிஷெக் பிளாஹா என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1939 இல் பிடிபட்டு 1941 முதல் டக்காவு முகாமில் இருந்தார். சுகதேகிகள் இருபது பேரின் வயிற்றைப் பயிற்சிக்காகக் கிழிக்கச் சொன்னபோது மறுத்தார். தண்டனையாகப் பிரேத அறைக்கு அனுப்பப்பட்டார். அந்த அறையிலிருந்து அவர் எடுத்துவந்த எண்ணிக்கைகள்தாம் 1946 ஜனவரியில் நியூரம்பேர்க் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியமாயின.

மலேரியாவோடு வாழ்ந்த நம் ஊர்க்காரர் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று அந்தச் சாட்சியத்தில் உண்டு. கிளவுஸ் ஷில்லிங் என்ற முதிய மலேரியா நிபுணர் சுமார் 2000 கைதிகளுக்கு நுளம்பாலும் ஊசியாலும் மலேரியாவை ஏற்றினார். பிளாஹா சொன்னபடி, மலேரியாவால் நேரடியாக இறந்தோர் 30, 40 பேர். அதனால் பலமிழந்து வேறு நோய்களில் இறந்தோர் 300, 400 பேர். நேரடி மரணத்தையும் மறைமுக மரணத்தையும் வெவ்வேறாக எண்ணி வைத்திருந்தாரே, அங்கேதான் பிரேத அறையில் நின்ற ஒரு விஞ்ஞானி தெரிகிறார். ஷில்லிங் 1946 மே 28 இல் தூக்கிலிடப்பட்டார்.

துப்பாக்கியும் நஞ்சுக்குப்பியும் நீதிமன்றமும் இருக்கிற கதைகள் நினைவில் நிற்கும். ராஷ்காவின் கதையில் இருப்பவை பேன், நீராவி, பெயர்ப்பட்டியல். அதனால்தான் அது குறைவாகச் சொல்லப்படுகிறது என்று நினைக்கிறேன். எத்தனை உயிர் மிஞ்சியது என்று பார்த்தால் வரிசை தலைகீழாகும்.

தெரேசின் என்பது உண்மையில் இரண்டு இடங்கள். ஆற்றுக்கு ஒரு பக்கம் கோட்டைச் சுவர் சூழ்ந்த ஊர். அது யூதர்களை அடைத்த கெட்டோ. மறு பக்கம் 'சிறிய கோட்டை'; 1940 யூனிலிருந்து பிராக் கெஸ்டாப்போவின் சிறை, எதிர்ப்பு இயக்கத்தவரை அடைத்த இடம். 1945 ஏப்ரலில் இரண்டிலும் டைபஸ் மூண்டது. சிறிய கோட்டையில் நெரிசல் தாங்காமல் புதிதாகக் கட்டிய நான்காம் முற்றத்தில், நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அடைத்திருந்தார்கள். நோய் கொழுந்துவிட்டது அங்கே. கெட்டோவுக்கு ஏப்ரல் 20 முதல் மற்ற முகாம்களிலிருந்து விரட்டப்பட்டவர்கள் சரக்கு வண்டிகளிலும் கால்நடையாகவும் வந்து குவிந்தார்கள், ஏறத்தாழ 15,000 பேர். திறந்த வண்டியில் இறந்தவரும் இருப்பவரும் ஒன்றாகக் கிடந்தார்கள்.

இந்த இடத்தில் பேனின் ஒரு குணத்தைச் சொல்லாமல் போகமுடியாது. அதற்குப் பிடித்தது சாதாரண உடம்புச் சூடு. காய்ச்சல் 40 பாகையைத் தொட்டால் அந்த உடம்பை விட்டு இறங்கும். உடம்பு குளிர்ந்தாலும் இறங்கும். அதாவது கடுங்காய்ச்சல்காரரையும் பிணத்தையும் விட்டு, பக்கத்தில் இருக்கும் சுகமான ஆளைத் தேடிப் போகும். நோய் பரப்ப இதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. அந்த வண்டிகளோ அதற்கென்றே கட்டியதுபோல இருந்தன.

மே 2 அன்றும் சிறிய கோட்டையில் ஐம்பது பேருக்கு மேல் சுடப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்து, மே 4 இல், ராஷ்கா தலைமையில் 'செக் உதவி நடவடிக்கை' என்ற பெயரில் பிராக்கிலிருந்து வைத்தியர்களும் தாதிகளும் தெரேசினுக்குள் நுழைந்தார்கள். காவலர்கள் இன்னும் போகவில்லை. பிராக் எழுச்சி தொடங்கியது மறுநாள்தான். நாசிகளின் எஸ்எஸ் படைக் காவல் மே 5 இல் கலைந்தது. சோவியத் படை வந்து சேர்ந்தது மே 8 இரவு. நாசி ஆட்சி உயிரோடு இருக்கும்போதே, மரணதண்டனை நடந்துகொண்டிருந்த சிறைக்குள் வெள்ளை அங்கியோடு போனார்கள் என்பதுதான் இதன் பொருள்.

மருந்து என்ன கொண்டுபோனார்கள்? டைபஸைக் கொல்லும் மருந்து அன்று உலகத்திலேயே இல்லை. குளோரம்பெனிக்கோலும் டெட்ராசைக்கிளினும் போருக்குப் பிறகு வந்தவை. இன்று 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின், ஒரே தடவை, பெரும்பாலும் போதும். அன்று பராமரிப்பு ஒன்றே வைத்தியம். நோயாளிக்குக் காய்ச்சல் திடீரென்று ஏறும். மண்டை பிளக்கும் வலி. நாலாம் ஐந்தாம் நாளில் நெஞ்சிலும் வயிற்றிலும் புள்ளிகள் தொடங்கிக் கைகால்களுக்கு இறங்கும். முகம், உள்ளங்கை, உள்ளங்காலில் பொதுவாக வராது. அதன் பிறகு மயக்கமும் பிதற்றலும். இரண்டு கிழமை தாக்குப்பிடித்தால் காய்ச்சல் சடாரென இறங்கும். வைத்தியம் இல்லாவிட்டால் பத்துப் பேரில் ஒருவர் முதல் நாலு பேர் வரை போவார்கள். வயது ஏற ஏறக் கூடும். எலும்பும் தோலுமாக வந்தவருக்குக் கணக்கு இன்னும் கெடும். அப்படிப்பட்டவருக்கு இரக்கப்பட்டுக் கொழுப்பும் இறைச்சியுமாகக் கொடுத்தால் உணவே கொல்லும். சிறிது சிறிதாக, அடிக்கடி, கஞ்சியும் சீனித்தண்ணீரும் என்று தொடங்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு தடவை புரட்டவேண்டும். வாயைத் துடைக்கவேண்டும்; இல்லாவிட்டால் கன்னச் சுரப்பி வீங்கிச் சீழ்பிடிக்கும்.

நோயாளியைப் பார்ப்பது பாதி வேலை. மற்றப் பாதி, பேன் நீக்கும் நிலையம். இதைச் செய்யத் தெரிந்தவருக்கு இது மூன்று அறை வேலை. அழுக்குப் பக்கம், குளியல், சுத்தப் பக்கம். ஆள் அழுக்குப் பக்கத்தில் நுழைந்து எல்லாவற்றையும் கழற்றுவார். மயிர் வெட்டப்படும். சவர்க்காரமும் சுடுநீரும். மறுபக்கத்தில் சுத்த உடுப்பு. அவர் கழற்றிய உடுப்பு தனி வழியால் நீராவிப் பெட்டிக்குள் போய், மறுபக்கக் கதவால் வெளியே வரும். பெட்டிக்கு இரண்டு கதவு ஏன்? ஒரே கதவானால் சுத்தமான மூட்டையும் அழுக்கு மூட்டையும் ஒரே வாசலில் சந்திக்கும், பேன் திரும்ப ஏறும். பிழைகள் எல்லாம் பெரும்பாலும் இந்த வாசலில்தான் தொடங்கும்.

சூட்டைப் பற்றி ஒரு இலக்கம் போதும்: 53.5 பாகை செல்சியஸில் ஐந்து நிமிடம் நின்றால் பேனும் ஈரும் சாகும். கேட்க எளிது. ஆனால் அந்த 53.5 பெட்டியின் சுவரில் அல்ல, மூட்டையின் நடுவில் இருக்கவேண்டும். நேரம் இல்லையென்று கோட்டையும் போர்வையையும் இறுகச் சுருட்டிக் கயிற்றால் கட்டித் திணித்தால், வெளியே கொதிக்கும். நடுவில் பேன் குளிர்காயும். தளர்த்தித் தொங்கவிடவேண்டும். நடுவில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்க்கவேண்டும். தோல் சப்பாத்தும் தோல் இடைவாரும் நீராவியில் சுருண்டு பாழாகும். மூட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வருவார்கள், ஏனென்றால் சப்பாத்து இழந்தவன் அந்தக் குளிரில் நடக்கமுடியாது. அவற்றுக்குத் தனியாக மருந்து தடவவேண்டும்.

அடுத்த பிழை, வேலை செய்கிறவரையே கொல்வது. பேன் கடித்து மட்டும் நோய் ஏறுவதில்லை. கிருமி இருப்பது பேனின் எச்சத்தில். கடித்த இடத்தைச் சொறியும்போது எச்சம் தோலுக்குள் தேய்படும். காய்ந்த எச்சம் தூசாகப் பறந்து கண்ணுக்கும் மூக்குக்கும் போகும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிருமி உயிரோடிருக்கும். ஆகவே அழுக்கு உடுப்பை உதறக்கூடாது. மருந்துநீர் தெளித்து நனைத்த பிறகே மூட்டை கட்டவேண்டும். தலையோடு மூடிய வழுவழுப்பான அங்கி, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் இறுகக் கட்டிய நாடா, காற்சட்டை நுனி சப்பாத்துக்குள். தெரேசினில் கவனித்த வைத்தியர்களும் தாதிகளும்கூடப் பலர் இறந்தார்கள். இந்தத் தூசி தெரிந்தவருக்கு அது ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஒரு தடவையோடு நிறுத்துவது. பேன் செத்தாலும் எங்கோ ஒரு தையலில் தப்பிய ஈர் ஒரு கிழமையில் பொரிக்கும். ஆனால் இங்கே ஒரு சலுகை உண்டு: பேனிலிருந்து ஈருக்குக் கிருமி போவதில்லை. பொரித்த குஞ்சு சுத்தம். அது நோயாளியைக் கடித்தால்தான் ஆபத்து. ஆகவே இரண்டு வேலை சேர்ந்தே நடக்கவேண்டும். ஏழு, எட்டு நாளில் மறுபடியும் பேன் நீக்கல். அதற்கிடையில் காய்ச்சல் கண்டவரை அன்றன்றே கூடத்திலிருந்து பிரித்தல். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் நீராவி வீண்.

காய்ச்சல்காரரை அன்றன்றே பிரிக்க எப்படித் தெரியும்? இங்கேதான் பெயர்ப்பட்டியல் வருகிறது. எந்தக் கூடம், எந்தத் தட்டு, எந்த வண்டியில் வந்தவர், பேன் நீக்கிய திகதி, காய்ச்சல் தொடங்கிய திகதி. ஒவ்வொரு நாளும் கட்டில் கட்டிலாக வெப்பமானி. மே 14 இல் முழுத் தெரேசினும் 14 நாள் தனிமைப்படுத்தப்பட்டது. விடுதலையாகி ஒரு கிழமைகூட ஆகாதவர்களிடம் 'இன்னும் போகமுடியாது' என்று சொல்வது எவ்வளவு கசப்பு! ஆனால் அந்த 14 ஐ யாரும் சும்மா எழுதவில்லை. நோய் உடம்பில் ஒளிந்திருக்கும் காலம் ஒன்றிரண்டு கிழமை. கடைசி நோயாளி பிரிக்கப்பட்டு, கடைசிப் பேன் நீங்கிய நாளிலிருந்து 14 எண்ணினால்தான் கணக்கு சரி. வந்து சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால், நடுவில் கடித்த பேனுக்கு யார் பொறுப்பு? விடுதலைக்குப் பிறகும் தெரேசினில் 1500 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் வீடு நோக்கி ரயிலேறியிருந்தால் அந்த நோய் மத்திய ஐரோப்பா முழுவதும் இறங்கியிருக்கும்.

போருக்குப் பிறகு ராஷ்கா பிராக்கில் தொற்றுநோயியல், நுண்ணுயிரியல் நிறுவனத்துக்குத் தலைவரானார். 1963 இல் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றுநோய்ப் பிரிவுக்குப் பணிப்பாளர். பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை 1966 இல் முடுக்கிவிட உந்தியவர்களில் முக்கியமானவர். அந்நேரம் மலேரியா ஒழிப்பு சறுக்கிக்கொண்டிருந்ததால், இன்னொரு 'ஒழிப்பு' வேண்டாம் என்று மேலிடத்திலேயே தயக்கம் இருந்தது. வருடத்துக்கு 24 இலட்சம் டொலர் என்ற தீர்மானம் சொற்ப வாக்குகளில்தான் தப்பியது. 1977 ஒக்டோபரில் சோமாலியாவில் கடைசி இயற்கைத் தொற்று. 1980 மே 8 இல் ஒழிந்ததாகப் பிரகடனம். தெரேசினுக்குச் சோவியத் படை வந்த அதே திகதி, 35 வருடம் கழித்து. இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

அவருடைய பெயர் நிலைக்கிற இடம் வேறு: 'தொற்றுநோய்க் கண்காணிப்பு' என்ற கருத்து. 1965 இல் ஜெனீவாவில் அதற்கென ஒரு பிரிவு. 1968 உலக சுகாதாரப் பேரவையில் அதுவே தொழில்நுட்பக் கலந்துரையாடலின் பொருள். நோயை அறிவிக்கும் சட்டம் அதற்கு முன்பே உண்டு. நம் நாட்டின் தொற்றுத்தடைச் சட்டம் 1897 ஆம் ஆண்டுடையது. ராஷ்கா சொன்னது, அறிவித்தல் வந்து கோப்பில் படுத்தால் போதாது என்பது. வந்த அன்றே ஒருவர் அந்த வீட்டுக்குப் போகவேண்டும், ஆய்வுகூடம் சேரவேண்டும், காவி, தண்ணீர், தடுப்பூசி நிலை எல்லாம் ஒன்றாகப் பார்க்கப்படவேண்டும், கையோடு தடுப்பும் நடக்கவேண்டும். அமெரிக்காவின் அலெக்சாண்டர் லாங்மியூர் 1963 இல் இதற்கு மாறாகச் சொன்னார்: கண்காணிப்பு என்பது தகவல் திரட்டி, ஆராய்ந்து, உரியவரிடம் சேர்ப்பதோடு முடிகிறது, தடுப்பு வேலை வேறொருவருடையது. படித்தவர்கள் இன்றும் இதை வாதிடுவார்கள். கிண்ணியாவிலோ மூதூரிலோ மோட்டார் சைக்கிளில் போகிற பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு இந்த வாதம் இல்லை. படிவத்தை நிரப்புகிறவரும் அவர்தான், பரலைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றுகிறவரும் அவர்தான். அந்த வகையில் நம் ஊர் முறை ராஷ்கா பக்கம்.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி பிராக் வரை போகவேண்டாம். 1934–35 மலேரியாவில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். போர் முடியும் காலத்தில் டிடிடி என்ற பூச்சிகொல்லி வந்தது. 1963 இல் நாடு முழுவதும் மொத்தம் 17 மலேரியா நோயாளிகள். வேலை முடிந்ததென்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள். இரத்தப்படலம் எடுத்துத் தேடுவதும் தளர்ந்தது. 1967–68 இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகின. மாணிக்கக்கல் குழிகளிலும் நீர் தேங்கியது. 1969 இல் மட்டும் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். உலக மேடையில் ராஷ்கா கண்காணிப்பைப் பேசிக்கொண்டிருந்த அதே வருடங்கள் இவை. நுளம்பு திரும்பி வந்ததுகூடப் பெரிய விடயமில்லை, அது எப்போதும் இங்கேதான் இருந்தது. முதல் நூறு நோயாளிகளைத் தேடிப் பிடிக்க ஆள் இல்லை என்பதுதான் விடயம். 2012 ஒக்டோபரோடு உள்நாட்டு மலேரியா நின்றது. 2016 செப்ரெம்பரில் சான்றிதழ் வந்தது. காய்ச்சலோடு வெளிநாட்டிலிருந்து வருகிறவரின் இரத்தத்தை இன்றும் பார்க்கிறார்கள் என்றால், 1969 மறக்கவில்லை என்று அர்த்தம்.

1968 இல் பிராக்குக்குள் சோவியத் டாங்கிகள் வந்தன. ராஷ்கா ஜெனீவாவிலிருந்து திரும்பியதும் தன் நிறுவனத்திலிருந்தே ஒதுக்கப்பட்டார், கட்டாய ஓய்வு. 1984 இல் லண்டன் ரோயல் மருத்துவச் சங்கம் ஜென்னர் பதக்கம் கொடுத்தது. 1987 நவம்பர் 21 இல் இறந்தார். அவர் நாட்டில் ஆட்சி மாற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

இனி நம் ஆஸ்பத்திரிகளின் எச் 544 படிவம். ஆஸ்பத்திரி வாட்டில் தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தவுடன் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்பவேண்டிய ஒற்றைத் தாள். ஆஸ்பத்திரி, நோய், நோயாளி பெயர், நோய் தொடங்கிய திகதி, அனுமதித்த திகதி, கட்டில்தலைப்புச்சீட்டு இலக்கம், வாட்டு, வயது, பால், ஆய்வுகூட முடிவு, வீட்டு முகவரி, தொலைபேசி. அங்கிருந்து அது அந்தப் பகுதிப் பரிசோதகர் கைக்குப் போகும். அவர் வீட்டுக்குப் போய் எச் 411 நிரப்புவார். கிழமைக்கொருமுறை தொகுத்து எச் 399 ஆகக் கொழும்புக்குப் போகும். தெரேசின் கூடத்துப் பட்டியலில் இருக்கவேண்டிய விபரங்களும் கிட்டத்தட்ட இவைதான்.

இதில் மூன்று இடத்தில் கோளாறு வரும். ஒன்று, சந்தேகத்தில் அனுப்பாமல் இரத்த முடிவு வரட்டும் என்று வைத்திருந்து, நோயாளி வீடு போகும் அன்று அனுப்புவது. டெங்கு என்றால் அதற்குள் அந்த வளவு நுளம்பு அடுத்த வீட்டைக் கடித்து முடித்திருக்கும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு மூண்டபோதும், அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் படுத்தபோதும், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஒரு விலை இருந்தது. இரண்டு, முகவரி. தம்பலகாமத்திலிருந்து வந்தவர், பட்டணத்தில் தங்கியிருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியைச் சொல்வார், ஆஸ்பத்திரிக்கு அதுதான் கிட்ட என்று. பரிசோதகர் உவர்மலையில் போய் நல்ல வளவைச் சோதித்துவிட்டுத் திரும்புவார். 'கடந்த இரண்டு கிழமை இரவில் எங்கே படுத்தீர்கள், பகலில் எங்கே இருந்தீர்கள்?' என்று கேட்டு அதையும் எழுதினால்தான் சரி.

மூன்றாவதுதான் மிகச் சாதாரணமாக நடப்பது. அனுமதித்த திகதி எல்லாத் தாளிலும் இருக்கும், ஏனென்றால் அது சீட்டில் அச்சடித்ததுபோலத் தயாராக இருக்கிறது. நோய் தொடங்கிய திகதிக்கு ஆளைக் கேட்கவேண்டும். 'வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போய்வந்த பிறகா, முன்னமா?' என்று இழுத்துக் கேட்கவேண்டும். அவசரத்தில் அந்தக் கட்டத்தில் அனுமதித்த திகதியையே மறுபடி எழுதிவிடுவார்கள், அல்லது ஒரு கோடு.